பகடை உருட்ட லைசென்ஸ் எதற்கு?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞாயிறுதோறும் பத்துப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேமுக்கான (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதைக்குள் ஆடும் ஆட்டம்) சாகசக் கதை எழுதச் சொல்லித் தருகிறேன். அமெரிக்க கம்பெனியின் லைசென்ஸ் வேண்டும், ஒவ்வொரு கதைக்கும் காப்பிரைட் பதிய வேண்டும், தலைக்கு நாலாயிரம் என்கிறார் ஒரு ஏஜென்ட். கதைகளை அவரே புத்தகமாகவும் போடுவாராம். கட்டலாமா?

பதில்: ஒரு பைசா கட்டாதீர்கள். பகடையில் 15-க்கு மேல் விழுந்தால் கதவு திறக்கும் என்கிற ஆட்டமுறை யாருடைய சொத்தும் அல்ல. அதை விளக்கி எழுதிய வாக்கியங்களுக்குத்தான் காப்பிரைட். அந்த வாக்கியங்களே வேண்டுமென்றாலும், இந்த வகையில் பிரபலமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் அதை வெளியிடும் அமெரிக்க கம்பெனியே, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பிட்டால் போதும்.

பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டில் படகு வழி தவறுகிறது, ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு மாணவி எழுதினால், எழுதிய கணமே அது அவளுடையது. பதிவு கட்டாயமில்லை. ஆசைப்பட்டால் அரசுக் கட்டணம் 500 ரூபாய், ஆன்லைனிலேயே போடலாம். டைரி எண் (விண்ணப்பத்துக்குத் தரும் எண்) வந்தபின் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு, பிறகும் இழுத்தடிப்பு. சாதாரண ஆள் நிரப்ப முடியாதபடி ஒரு படிவத்தை வைத்தால் ஏஜென்ட் பிழைக்காமல் என்ன செய்வார்?

நான் பயப்படுவது அந்தப் புத்தகத்துக்குத்தான். இப்படி ஒரு புத்தக ஒப்பந்தம் என் மேசைக்கு வந்தது. மூன்று பக்கம் பிள்ளையைப் பாராட்டிவிட்டு, நாலாம் பக்கம் பொடி எழுத்தில் 'அனைத்து உரிமைகளும், நிரந்தரமாக, உலகம் முழுவதும்'. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் எழுதாவிட்டால் சட்டப்படி ஐந்து வருடம்தான், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். அதனால்தான் அந்த வார்த்தைகளை மறக்காமல் சேர்க்கிறார்கள். 18 வயது நிரம்பாத பிள்ளையின் கையெழுத்து செல்லாது என்பதும் அவர்களுக்குத் தெரியும், பெற்றோரைத்தான் பிடிப்பார்கள். முதலில் பெற்றோரிடம் பேசுங்கள்.

உங்கள் பாடக்குறிப்பு விஷயம் மட்டும் வேறு. வீட்டு மாடியில் வகுப்பு எடுத்தால் உங்களுடையது. பள்ளியில் சம்பளத்துக்கு வேலை பார்த்து, அந்த வேலையின் பகுதியாக எழுதினால் பள்ளியுடையது. பள்ளியின் ஹாலை நீங்கள் வாடகைக்கு எடுத்தால்? உங்களுடையதே. பள்ளியே கூப்பிட்டு ஞாயிறுக்குத் தனி மதிப்பூதியம் தந்தால்? அங்கேதான் சண்டை. 'குறிப்புகள் ஆசிரியருக்கே' என்று ஒரு வரி, நிர்வாகத்தின் கையெழுத்தோடு, முதல் வகுப்புக்கு முன்பே வாங்கி வையுங்கள்.