இனிப்பை நிறுத்தினால் ஈஸ்ட் தொற்று போய்விடுமா?

"ஈஸ்ட் கிருமி சர்க்கரையைத் தின்றுதான் வளர்கிறது, இனிப்பை விட்டால் செத்துவிடும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாகாது. சுகர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இந்தத் தொற்று அதிகம் வருவது நிஜம். அவர்கள் சுகரைக் குறைத்தே ஆக வேண்டும். ஆனால் நீங்கள் லட்டு சாப்பிடாவிட்டாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் இருக்கும். அதுவும் கிடைக்காத இடத்தில் கேண்டிடா அல்பிகன்ஸ் (இந்தத் தொற்றை அதிகம் உண்டாக்கும் ஈஸ்ட் கிருமி) லாக்டேட்டைத் தின்னும், நம் புரதத்தை வெட்டித் தின்னும். சாப்பாட்டு விஷயத்தில் பிடிவாதமே கிடையாது.

கிருமிக்கும் நமக்கும் உண்மையான இழுபறி இரும்புக்குத்தான். நம் உடம்பு இரும்பை வெளியே விட்டு வைப்பதில்லை. ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின், செல்லுக்குள் ஃபெரிட்டின், எச்சிலிலும் கண்ணீரிலும் லாக்டோஃபெரின் என்று இரும்பைப் பிடித்து வைக்கும் புரதங்கள், எல்லா இடத்திலும் பூட்டு.

நான் ஊட்டியில் லேப் டெக்னீஷியன். கேண்டிடா அல்பிகன்ஸ்தானா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. தட்டில் வளர்ந்த காலனியில் துளி எடுத்துச் சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) கலக்கி 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைப்போம். டிசம்பர் குளிரில் மேசை மேலேயே விட்டால் ஒன்றும் நடக்காது, இன்குபேட்டர் வேண்டும். அப்புறம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், உருண்டைச் செல்லின் பக்கத்தில் முளைப்பயறு மாதிரி ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அடியில் இடுக்கு இருக்கக் கூடாது. இருந்தால் நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

அந்தக் குழாய்தான் இழையாக வளர்கிறது. இழையின் மேல் உள்ள ஏஎல்எஸ்3 என்ற புரதம் ஃபெரிட்டினைப் பிடித்துக்கொள்ளும். கிருமி சுற்றுப்புறத்தை அமிலமாக்கி அதிலுள்ள இரும்பைக் கழற்றும். சிவப்பணு உடைந்தால் அதிலிருந்து இரும்பு உள்ள ஹீமையும் எடுத்துக்கொள்ளும். இன்னொரு கில்லாடித்தனம்: மற்ற நுண்ணுயிர்கள் இரும்பைப் பிடிக்க வெளியே விடும் சைடரோஃபோர்களை, தான் எதுவும் தயாரிக்காமலே, இரும்போடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரும்பை உள்ளே கொண்டுபோகும் எஃப்டிஆர்1 ஜீனை நீக்கிவிட்டால் எலிக்குள் அதனால் தொற்றை உண்டாக்க முடியவில்லை என்று 2000இலேயே காட்டிவிட்டார்கள். துத்தநாகத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

இந்தத் தொற்றுக்கு டாக்டர்கள் தரும் ஃப்ளூகோனசோல் மருந்து இந்தச் சாப்பாட்டு வழிகளைத் தடுப்பதில்லை. கிருமியின் செல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளை உருவாகவிடாமல் செய்கிறது.

சரி, அப்படியானால் இரும்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா? வேண்டாம். ரத்தசோகைக்கு டாக்டர் எழுதியதை நீங்களாக நிறுத்தாதீர்கள். எங்கள் எஸ்டேட் பெண்கள் செய்வதுபோல் அதை டீயோடு மட்டும் விழுங்க வேண்டாம், இரும்பு சரியாக உடம்பில் சேராது.