துளையிட்டால் ரோபோவின் எடை எவ்வளவு குறையும்?

கேள்வி: மன்னார்குடி அருகே பாலிடெக்னிக்கில் படிக்கும் நாங்கள், நெல் வரிசைகளுக்கு நடுவே ஓடிக் களையெடுக்கும் சிறிய ரோபோ ஒன்றைச் செய்திருக்கிறோம். சேற்றில் சக்கரம் புதைகிறது. எடையைக் குறைக்க, சட்டத்தின் இரு பக்க அலுமினியப் பட்டைகளில் (400 மி.மீ. நீளம், 60 மி.மீ. உயரம், 5 மி.மீ. தடிமன்) வட்டத் துளைகள் போடலாமா? பலம் போய்விடாதா?

பதில்: போடலாம். செங்குத்தாக நிற்கும் பட்டை பாரத்தால் வளையும்போது மேல் விளிம்பு அமுக்கத்தையும் கீழ் விளிம்பு இழுவிசையையும் தாங்குகின்றன. நடுக்கோட்டை ஒட்டிய உலோகத்துக்கு அவ்வளவாக வேலை இல்லை. 60 மி.மீ. பட்டையின் சரிபாதியில் 30 மி.மீ. துளையிட்டால் அந்த இடத்தில் உலோகம் பாதியாகிறது. வளைவை எதிர்க்கும் விறைப்போ உயரத்தின் முப்படியைப் பொறுத்தது என்பதால் எட்டில் ஒரு பங்குதான் குறைகிறது. துளை விளிம்புப் பக்கம் நகர நகர இந்த ஆதாயம் கரைந்துவிடும்.

துளைகளின் மையங்களுக்கு இடையே 45 மி.மீ. விட்டு, பட்டைக்கு ஆறு துளைகள் போடுங்கள். இரு முனைகளிலும் மோட்டாரையும் அச்சையும் பூட்டும் போல்ட்டுகளுக்காக ஏறத்தாழ 70 மி.மீ. முழுசாக நிற்கும், அங்கே கை வைக்க வேண்டாம். சதுரத் துளை கண்ணுக்கு அழகுதான், ஆனால் அதன் கூரான மூலையில்தான் விரிசல் பிறக்கும். ஹோல் சா (ட்ரில்லில் மாட்டி வட்டத் துளை வெட்டும், விளிம்பில் பல்லுள்ள கிண்ண வடிவ ரம்பம்) ஓடும்போது சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் அலுமினியம் பல்லில் அப்பாது. முடிந்ததும் பிசிறை அரை வட்ட அரத்தால் தேய்த்து நீக்குங்கள்.

இனி எடையைப் பார்ப்போம். ஒரு துளை ஏறத்தாழ 9.5 கிராமைக் குறைக்கும். பன்னிரண்டு துளைகளுக்கும் சேர்த்து 115 கிராம்தான். துளையே இல்லாமல் 3 மி.மீ. தகட்டுக்கு மாறினால் 260 கிராம் குறைகிறது. ஆனால் பக்கவாட்டு விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சரிந்துவிடும் என்பதால், இரு பட்டைகளையும் இணைக்கும் குறுக்குத் தண்டு ஒன்று கூடுதலாகத் தேவைப்படும். உங்கள் பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமில வகையாக இருந்தால் அது மட்டுமே ஏறத்தாழ 2 கிலோ இருக்கும். ஆகவே ட்ரில்லை எடுப்பதற்கு முன் எல்லாப் பாகங்களையும் தனித்தனியாகத் தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

வயலைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டெல்டாவின் களிமண் துளைக்குள் அப்பிக்கொண்டால் எளிதில் உதிராது. வைக்கோலும் சேர்ந்துகொண்டால் நீங்கள் வெட்டி எடுத்த கிராம்கள் சேறாகத் திரும்பி வரும். எனவே சேறு தெறிக்கும் உயரத்துக்குக் கீழே உள்ள பாகங்களையும் சக்கரத் தட்டையும் துளையிடாமல் விடுங்கள்; அல்லது துளையை உள்பக்கமிருந்து மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். புதைவது எடையால் மட்டுமல்ல, அந்த எடை எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பதாலும்தான். சேற்றுழவில் டிராக்டருக்கு மாட்டும் கேஜ் வீலைப் (கூண்டு போன்ற அகலமான இரும்புச் சக்கரம்) போல, வரிசை இடைவெளி இடம் கொடுக்கும் மட்டும் அகலமான சக்கரத்தை முதலில் மாட்டி ஓட்டிப் பாருங்கள்.