ஏலத்தில் வந்த சுரங்கத் தொலைபேசி: மூடியைத் திறந்த படம் இல்லாமல் ஏலம் கேட்காதீர்கள்

கேள்வி: "இங்கிலாந்தில் ஒருவர் வார்ப்பிரும்பாலான பழைய சுரங்கத் தொலைபேசி ஒன்றை ஆன்லைன் ஏலத்தில் விட்டிருக்கிறார். 'அபூர்வம், சோதித்துப் பார்க்கவில்லை' என்று எழுதி மூன்று படங்கள் போட்டிருக்கிறார். மூன்றும் வெளிப்பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை ஏலம் முடிகிறது. இது அசல்தானா, எடுக்கலாமா என்று எப்படி முடிவு செய்வது?"

மூன்று படமும் வெளிப்பக்கம் என்றால் இப்போதைக்கு ஏலம் கேட்காதீர்கள். முதலில் மூடியைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கூண்டு இறங்கும் இடத்தில் நின்று மணி அடித்துச் சைகை கொடுக்கும் வேலையில் இருந்தார். மேலே கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் என்ஜின்காரருக்கும் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறவர்களுக்கும் நடுவே மணியும் போனும்தான் உயிர் என்பார். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். அதன் பிறகு ஊர் காயலான் கடை ஒன்றில் பாதி உடைந்த ஒரு போனைக் கண்டு எடை போட்டு வாங்கியதில் ஆரம்பித்தது இந்தப் பழக்கம். இன்று பதினான்கு போன்கள் இருக்கின்றன: சுரங்கம், ரயில்வே, கப்பல், ரசாயன ஆலை எல்லாவற்றிலிருந்தும். அதில் ஒன்பது ஏலத்தில் எடுத்தவை. அந்த ஒன்பதில் இரண்டு நான் எடுத்திருக்கவே கூடாது.

தங்கச் சுரங்கத்தில் பெரிய பயம் பாறை வெடிப்பு. நிலக்கரிச் சுரங்கத்தில் பயம் மீத்தேன். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு சின்னப் பொறி போதும். 1913இல் வேல்ஸ் நாட்டின் செங்கனித் சுரங்கத்தில் 439 தொழிலாளர்கள் மாண்டார்கள். மணிச் சைகைக் கம்பிகளில் எழுந்த பொறி காரணமாக இருக்கலாமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. நிலக்கரிச் சுரங்கப் போன் அவ்வளவு கனமாக இருப்பது இந்தப் பயத்தால்தான்.

அந்தக் கனமான பெட்டி வாயுவை உள்ளே விடாமல் அடைத்து வைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வாயு எப்படியும் உள்ளே போகும், உள்ளே வெடிக்கவும் செய்யும் என்று ஏற்றுக்கொண்டு செய்த பெட்டி அது. உள்ளே வெடித்தால் பெட்டி தாங்க வேண்டும். வெளியே வரும் தீ, மூடியும் பெட்டியும் சேருகிற அகலமான விளிம்புகளின் இடுக்கு வழியாக வரும்போதே குளிர்ந்து அணைந்துவிட வேண்டும். அதற்காக அந்த இரண்டு விளிம்புகளையும் கடைந்து மட்டமாக்கியிருப்பார்கள். நடுவே இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இராது. வெறும் இரும்புதான், பெயின்ட் இருக்காது, ரப்பர் வாஷரும் இருக்காது. சுரங்கத்தில் அந்தப் போனைக் கவனித்துக்கொண்ட எலக்ட்ரீஷியன் அந்த விளிம்பில் ஒரு கீறல்கூட விழவிடமாட்டார்.

ஆகவே நான் திறந்த படம் கேட்பது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் அல்ல, விளிம்பைப் பார்க்கவும்தான். விளிம்பு சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாக, லேசான கிரீஸ் கறையோடு இருந்தால் அது வேலை பார்த்த போன். கிரைண்டர் வைத்துத் தேய்த்த வளையங்கள் தெரிந்தாலோ, விளிம்பு வரை பளபளப்பாக பவுடர் கோட்டிங் அடித்திருந்தாலோ, யாரோ அலங்காரப் பொருளாக்கி விற்கிறார்கள் என்று பொருள். அதையும் எடுக்கலாம், ஆனால் அலங்காரப் பொருளின் விலைக்குத்தான். போல்ட்டுகளையும் பாருங்கள். சாதாரண ஸ்பானர் நுழையாதபடி தலையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், உரிய சாவி இருந்தால்தான் கழற்ற முடியும். நாலில் மூன்று ஒரே மாதிரியும் ஒன்று மட்டும் கடையில் வாங்கிய புது போல்ட்டாகவும் இருந்தால் ஒருமுறையாவது யாரோ நெம்பித் திறந்திருக்கிறார்கள்.

என் முதல் தவற்றைச் சொல்கிறேன். உங்களுடையதைப் போலவே வெளிப்பக்கப் படங்கள் மட்டும். பச்சைப் பெயின்ட், பக்கவாட்டில் சுழற்றும் கைப்பிடி, முன்னால் பெயர்த் தகடு, எல்லாம் அசல். ஆசையில் கேட்டு எடுத்துவிட்டேன். வந்த பெட்டியைத் தூக்கியபோதே கை சொல்லிவிட்டது, இவ்வளவு லேசாக இருக்கக் கூடாதே என்று. திறந்தால் உள்ளே மேக்னெட்டோ (கைப்பிடியைச் சுற்றினால் மின்சாரம் உண்டாக்கும் கருவி) இல்லை, மணி இல்லை, காயில் இல்லை. ஒரு பல்பு ஹோல்டரும் சுவிட்சும் மட்டும். யாரோ மேசை விளக்காக்கிவிட்டு அதை எழுதாமல் விற்றிருக்கிறார்கள். திரும்பப் போய் அந்த விற்பனைப் பக்கத்தைப் பார்த்தேன். அனுப்பும் எடை ஒன்பது கிலோ என்று போட்டிருந்தது. அதே மாடல் முழுசாக இருந்தால் பதினான்கு கிலோ. உண்மை என் கண் முன்னாலேயே எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. அன்றிலிருந்து எடையைத்தான் முதலில் பார்க்கிறேன். எடை போடாதவரிடம் குளியலறை எடைமேடையில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன். பெரும்பாலானோர் அனுப்புகிறார்கள்.

வெளிப்பக்கப் படத்திலும் படிக்க நிறைய இருக்கிறது. கை பட்ட இடம் மட்டும்தான் தேய்ந்திருக்க வேண்டும்: ரிசீவரை மாட்டும் கொக்கியின் உள்வளைவு, கைப்பிடியின் அச்சைச் சுற்றிய பெயின்ட், மூடியைப் பிடித்து இழுக்கும் மூலை. எல்லா இடமும் ஒரே அளவில் பழசாகத் தெரிந்தால் அந்தப் பழமை வேண்டுமென்றே உண்டாக்கியது. கேபிள் நுழையும் வாயில் இரும்புக் கம்பி சுற்றிய தடித்த கேபிளின் துண்டு வெட்டுப்பட்டு நீட்டிக்கொண்டிருந்தால் எனக்கு மகிழ்ச்சி. சுரங்கம் மூடும்போது சுவரிலிருந்து அவசரமாக வெட்டி எடுத்த போன்கள் அப்படித்தான் இருக்கும். பிரிட்டனின் கடைசி ஆழ் நிலக்கரிச் சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. அந்த நாட்டு ஏலங்களில் இந்தச் சாமான்கள் இவ்வளவு வருவதில் வியப்பில்லை.

தகட்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான் மேலே சொன்ன மாதிரி தீயை வெளியே விடாத (ஃப்ளேம்ப்ரூஃப்) பிரிட்டிஷ் சாதனம் என்றால் கிரீடம் ஒன்றினுள் எஃப்.எல்.பி. என்ற எழுத்துகள் இருக்கும், கூடவே சான்றிதழ் எண்ணும். நாட்டிங்ஹாமை அடுத்த பீஸ்டனில் இருந்த எரிக்சன் தொழிற்சாலையின் பெயரைப் பார்த்தால் கொஞ்சம் தைரியம் வரும், அவர்கள் சுரங்கங்களுக்கென்றே போன் செய்தவர்கள். தகட்டின் ஆணிகளில் பெட்டியின் பெயின்ட் படிந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். பெயின்ட் பழசாகவும் ஆணி மட்டும் புதுசாகவும் இருந்தால் தகடு வேறு எங்கிருந்தோ வந்தது.

"சோதித்துப் பார்க்கவில்லை" என்ற வரியை நான் பொய் என்று எடுத்துக்கொள்வதில்லை. விற்பவர் பெரும்பாலும் வீட்டைக் காலி செய்கிறவர், அவருக்கு எப்படிச் சோதிப்பது என்றே தெரியாது. நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம். லைன் மாட்டும் இரண்டு திருகுகளுக்கும் நடுவே ஒரு கம்பித் துண்டை இறுக்கிக் கட்டிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றச் சொல்லுங்கள், பிறகு கம்பியை எடுத்துவிட்டுச் சுற்றச் சொல்லுங்கள். கம்பி இருக்கும்போது கைப்பிடி கனத்து, எடுத்ததும் லேசானால் மேக்னெட்டோ உயிரோடு இருக்கிறது. சுற்றும்போது திருகுகளைத் தொட வேண்டாம் என்று மறக்காமல் எழுதுங்கள். நூறு வோல்ட்டை ஒட்டி வரும், நன்றாக அடிக்கும். பேசும் பக்கம் அமைதியாக இருந்தால் கவலைப்படாதீர்கள். அதற்குள் இருக்கும் கார்பன் துகள்கள் கெட்டியாகியிருக்கும், ரிசீவரை உள்ளங்கையில் நாலு தட்டு தட்டினால் பல நேரம் சரியாகிவிடும். இப்படி உயிர் பெற்ற இரண்டு போன்களை எங்கள் வீட்டில் கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் இரண்டே கம்பிகளில் இணைத்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு டார்ச் பேட்டரி. அம்மா சாப்பிடக் கூப்பிடுவது அதில்தான்.

தேடும்போது பித்தளைக் கப்பல் போன்களும் நிறைய வரும். "டைட்டானிக் காலத்து" என்று எழுதியிருந்தால் கடந்து போய்விடுங்கள். டைட்டானிக்கில் கப்பலைச் செலுத்தும் மேடையில் இருந்தவை ஆல்ஃபிரட் கிரஹாம் நிறுவனத்தின் போன்கள், அவற்றில் சுழற்றும் டயல் கிடையாது. இப்போது விற்பதில் டயலும் இருக்கும், ப்ளஸ் தலைத் திருகும் இருக்கும். அந்தத் திருகுக்கு பிலிப்ஸ் காப்புரிமை பெற்றதே 1936இல்தான். இவற்றில் பல நம் நாட்டில், ரூர்க்கி போன்ற ஊர்களில் புதிதாகச் செய்கிறவை. செய்கிறவர்கள் கைதேர்ந்தவர்கள், புதுசு என்று சொல்லி விற்றால் எனக்கு ஒரு குறையும் இல்லை. உண்மையான கப்பல் போன் வேண்டுமென்றால் குஜராத்தில் அலங் போங்கள். உடைத்த கப்பல்களின் சாமான்கள் சாலையோரக் கடைகளில் குவிந்திருக்கும், கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம்.

விலைக்கு வருவோம். இப்போது கேட்டுக்கொண்டிருக்கிற விலையைப் பார்க்காதீர்கள். தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருந்தால் அதைப் போட்டு, உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். விற்காமல் மூன்றாவது முறை திரும்ப வரும் "அபூர்வம்" எத்தனையோ பார்த்திருக்கிறேன். பிறகு கூரியர். சர்வதேச கூரியர்கள் பெரும்பாலும் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி ஐயாயிரத்தால் வகுத்து வரும் எண்ணையும் நிஜ எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குவார்கள். அதன் மேல் சுங்க வரி. இதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம் நிற்பதுதான் உங்கள் உச்ச விலை. அதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். கடைசி நிமிடத்தில் ஒரே தடவையாக அதைக் கேளுங்கள், மேலே போனால் விட்டுவிடுங்கள். மூன்று நாள் முன்பே கேட்டு ஏற்றிவிடுவது விற்பவருக்கு மட்டும்தான் நல்லது.

வார்ப்பிரும்பு கனமானது, ஆனால் முட்டை மாதிரி உடையும். என் இரண்டாவது நஷ்டம் அதுதான். சுவரில் மாட்டும் காது ஒன்று வழியிலேயே ஒடிந்து, கோணிப்பையில் தனியாகக் கிடந்தது. மணிக் கிண்ணங்களைக் கழற்றித் தனியாகச் சுற்றச் சொல்லுங்கள், ரிசீவரையும் அப்படியே. உள்ளே பழைய பேட்டரி இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். பெட்டிக்குள் பெட்டியாக அனுப்புவாரா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இன்று இரவே அவருக்கு மூன்றே வரி எழுதுங்கள்: விளிம்பு தெரியும்படி மூடி திறந்த படம், எடைமேடையில் வைத்த படம், கம்பி கட்டிக் கைப்பிடி சுற்றும் சின்ன வீடியோ. மூன்றும் வந்தால் தாளில் எழுதிய விலைக்குக் கேளுங்கள். முதலாவது மட்டும் வந்து விளிம்பு நன்றாக இருந்தால், நானாக இருந்தால் பாதி விலை வரை போவேன். ஞாயிறு வரை பதிலே இல்லையென்றால் விட்டுவிடுங்கள். படம் வந்தால் கருத்தில் போடுங்கள், விளிம்பை நானும் பார்த்துச் சொல்கிறேன்.