கிட்டாரில் கார்டு மாற்றும்போது தாளம் ஏன் நின்றுவிடுகிறது?

கிட்டாரில் ஜி கார்டிலிருந்து (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) சி-க்கு மாறும்போதெல்லாம் தாளம் விட்டுப்போகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இடது கை மெதுவாக இருப்பதுதான் காரணம் என்று நினைப்போம். உண்மையில், அதற்காக வலது கை காத்திருப்பதுதான் சிக்கல்.

அதனால் முதலில் கார்டே வேண்டாம். இடது கையைத் தந்திகள் மேல் லேசாக வைத்து ஒலியை அடக்குங்கள். சீராகத் தட்டு ஒலிக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வையுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் வலது கை கீழே, இரண்டு தட்டுகளுக்கு நடுவில் மேலே. வாய்விட்டு "ஒன் அண்ட் டூ அண்ட்" என்று எண்ணுங்கள். "தக திமி" பழக்கமென்றால் இன்னும் நல்லது: த, தி வரும்போது கீழே, க, மி வரும்போது மேலே. தந்தியைத் தொடாத இடத்திலும் கை ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்ட்ரம்மிங் பேட்டர்ன், அதாவது தந்திகளை மீட்டும் முறை, என்பதே எந்த அசைவில் தொடுகிறோம், எதில் தொடாமல் விடுகிறோம் என்பதுதான்.

அப்புறம் கார்டுகளைச் சேருங்கள். நான்காவது தட்டுக்குப் பின் வரும் மேல் அசைவிலேயே விரல்களை எடுத்துவிடுங்கள். அப்போது திறந்த தந்திகள் ஒலித்தால் பரவாயில்லை, தேர்ந்த கலைஞர்கள் பலரும் அப்படி வாசிப்பவர்கள்தான். சி முழுதாக விழாவிட்டாலும் கையை நிறுத்தாதீர்கள். சரியாக வந்தபின் வேகத்தை 5, 5-ஆகக் கூட்டலாம். ஃபோனில் பதிவுசெய்து கேளுங்கள், எங்கே அவசரப்படுகிறீர்கள் என்று உடனே தெரியும்.