பெய்ஜிங் ப்ரூவரி வேலை: வாரம் எப்படிப் போகும்?

பெய்ஜிங் கிராஃப்ட் ப்ரூவரியில் உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது, வாரம் முழுக்க பீர் காய்ச்சலாமா என்று கேட்டிருந்தீர்கள். சின்ன இடமென்றால் காய்ச்சுவது இரண்டு மூன்று நாள்தான், மீதியெல்லாம் கழுவுவது. காஸ்டிக் சோடா விட்டுத் தொட்டி அலசுவது, கெக் என்கிற பீர் பீப்பாய்களைக் கழுவுவது, மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சக்கையை ஆவி பறக்க வாரிக் கொட்டுவது. நொதிக்கும் தொட்டிக்குள் தலையை விடவே விடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு ஆளையே சாய்த்துவிடும். பீருக்கு வாசனையாகச் சிச்சுவான் மிளகு போடும் நாள் மட்டும் ஜாலி. கொதி முடிகிற நேரத்தில் போடுவார்கள், இல்லையென்றால் வாசனை ஆவியோடு போய்விடும்.

அப்புறம், எம் விசாவில் வரச் சொல்கிறார்கள் என்றீர்களே, அது வியாபாரப் பயணத்துக்கானது. வேலைக்கு இசட் விசாதான். வந்து 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். இசட் விசா கைக்கு வராமல் டிக்கெட் போடாதீர்கள்.