கொட்டகையில் ஒரு பாய்ப்படகு: எதை, எப்போது வாங்குவது?

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் 20க்கு 10 அடியில் தகரக் கொட்டகை இருக்கிறது. இரண்டு பேர் உள்ளே படுத்துக்கொள்ளும்படி சின்ன அறை வைத்த பாய்ப்படகு ஒன்றை நானே கட்ட ஆசை. பிளைவுட் கடையில் "சார், பி.டபிள்யூ.பி. (கொதிநீர் தாங்கும் பசை) போட்டிருந்தால் போதும், 710ம் அதுவும் ஒண்ணுதான்" என்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து கிட் வரவழைக்கலாமா, இங்கேயே பலகை வாங்கலாமா? மொத்தம் எவ்வளவு ஆகும்?
*வாசகர், சென்னைப் புறநகர்*

பதில்: பிளைவுட் கடைக்கு இப்போது போகாதீர்கள். முதலில் வரைபடம் வாங்குங்கள். அது கைக்கு வந்து, இரண்டு வாரம் உட்கார்ந்து படித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இந்த அளவுப் படகுகளில் அதிகம் பேசப்படுபவை இரண்டு. நியூசிலாந்தின் ஜான் வெல்ஸ்ஃபோர்டு வடிவமைத்த 'ஸ்கேம்ப்' 12 அடிக்கு ஒரு அங்குலம் குறைவு. ஒரே பாய், அதுவும் 100 சதுர அடிதான். ஆனால் அதில் முன்னால் இருப்பது மழைக்கு ஒதுங்கும் கூடு மாதிரி. இரண்டு பேர் அறைக்குள் படுக்க முடியாது. அமெரிக்காவின் செசபீக் லைட் கிராஃப்ட் நிறுவனத்தின் 'பாக்கெட்ஷிப்' ஏறத்தாழ 15 அடி நீளம், ஆறேகால் அடி அகலம். இரண்டு பேர் உள்ளேயே படுக்கலாம். உங்கள் ஆசைக்கு ஒத்துவருவது இந்த வகை. ஆனால் பத்தடிக் கொட்டகையில் இதை நட்டநடுவே வைத்தால் இரண்டு பக்கமும் இரண்டடிகூட மிஞ்சாது. நடக்கலாம், வேலை செய்யலாம்; எட்டடி ஷீட்டைத் திருப்பி வைத்து அறுக்க முடியாது. அறுப்பு வேலையை முற்றத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கொட்டகை வாசலையும் இன்றைக்கே டேப் வைத்து அளந்துவிடுங்கள். அகலத்தோடு உயரத்தையும் பார்க்க வேண்டும். டிரெய்லரில் ஏற்றினால் படகு இன்னும் உயரும்.

வரைபடத்துக்குப் பணம் கட்டுமுன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. முழு அளவு அச்சு வருகிறதா, அளவுப் பட்டியல் மட்டும்தானா? மரம், பலகை, பிசின், திருகு என்று முழுப் பொருள்பட்டியல் உண்டா? ஒரு படகு கட்ட மட்டும் உரிமமா? பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் தருவார்கள். கோப்பாக வந்தால் பிரிண்ட் கடையில் 'பக்கத்துக்கு அடக்கு' என்று போட்டுச் சுருக்கிவிடுவார்கள். அச்சான தாளில் ஓர் அளவுகோட்டைப் பிடித்துப் பார்க்காமல் பலகையில் கோடு இழுக்க வேண்டாம்.

கிட் ஆசை புரிகிறது. எல்லாத் துண்டுகளும் வெட்டி வந்துவிடும், பாதி தலைவலி போகும். ஆனால் சுங்க வரியைப் பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை. கப்பல் கூலி, காப்பீடு இரண்டையும் சேர்த்து வரும் தொகைக்குப் போட்டு, அதன்மேல் இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி.யும் சேரும். வந்திறங்குவது படகுக் கிட்டா, வெட்டிய மரப்பலகையா என்ற வகைப்பாட்டைப் பொறுத்து விகிதமும் மாறும். வாங்கியே தீருவேன் என்றால் சுங்க முகவர் ஒருவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கிக்கொண்டு பணம் அனுப்புங்கள். நான் சொல்லும் வழி வேறு: வடிவமைப்பாளர் கட்டிங் ஃபைல் தனியாக விற்கிறாரா என்று கேளுங்கள். பூஜை அறைக் கதவுக்கும் ஜாலிக்கும் பூ வெட்டித் தருகிற சி.என்.சி. (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) கடை இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறது. பலகையை நீங்கள் வாங்கிக் கொடுத்தால் அவர்களே வெட்டித் தருவார்கள்.

சரி, இப்போது பிளைவுட். கடைக்காரர் சொன்னது சரியில்லை. பி.டபிள்யூ.பி. என்பது பசையைப் பற்றிய பெயர்தான், தர எண் இல்லை. ஐ.எஸ். என்பது இந்தியத் தர எண். அதில் ஐ.எஸ். 303 பொது உபயோகப் பிளைவுட்டுக்கான தரம். மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710. அதில் பசை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும், மரத்துக்குப் பூச்சி, பூஞ்சை மருந்தும் ஏற்றியிருக்க வேண்டும். 'பி.டபிள்யூ.பி.', '710 கிரேடு', 'மரைன் டைப்' என்று பலகையில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். நீங்கள் தேட வேண்டியது ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதன் மேலே ஐ.எஸ். 710 என்ற எண், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் உரிமம் யார் பெயரில், எந்தப் பொருளுக்கு, உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

முத்திரை இருந்தாலும் உள்ளே ஓட்டை இருக்கலாம். எல்லா ஷீட்டையும் மொத்தமாக வாங்காமல் முதலில் ஒன்று மட்டும் வாங்கி, ஓரத்தில் ஒரு சாண் துண்டு அறுத்துப் பாருங்கள். அறுத்த விளிம்பில் கறுப்பாக இடைவெளி தெரிந்தால் நடு அடுக்கு சேரவில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் வளைக்கும்போது அந்த இடத்தில் முறியும். இரண்டு விரல் அகலத்தில் நீளமாக ஒரு கீற்று அறுத்து மெல்ல வளையுங்கள். நல்ல பலகை வில் போல ஒரே சீராக வளையும், மோசமானது ஓரிடத்தில் மடங்கும். இன்னொரு துண்டைப் பழைய பாத்திரத்தில் போட்டு நாள் முழுக்கக் கொதிக்கவிட்டு, காயவைத்து, உளி முனையை அடுக்குக்கு நடுவே கொடுத்து நெம்புங்கள். நார் நாராகப் பிய்ந்தால் பசை நன்றாக இருக்கிறது. ஏடு ஏடாக வழுவழுவென்று பிரிந்தால் ஷீட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

எடையும் முக்கியம். வெளிநாட்டு வரைபடங்கள் பெரும்பாலும் ஒகூமே என்ற லேசான மரத்தை நினைத்துப் போட்டவை. 8க்கு 4 அடி, 6 மி.மீ. ஷீட் அதில் எட்டு, ஒன்பது கிலோதான் இருக்கும். நம் ஊர்க் கனமான மரைன் பிளைவுட்டில் அதே ஷீட் பன்னிரண்டு கிலோவைத் தாண்டலாம். பத்து ஷீட்டுக்கு நாற்பது, ஐம்பது கிலோ கூடுகிறது, அதாவது ஓர் ஆள் எப்போதும் படகில் உட்கார்ந்திருப்பது போல. கட்டிய பிறகு திணறாமல் இருக்க, வரைபடக்காரரிடமே எழுதிக் கேளுங்கள். பல பேர் பதில் போடுகிறார்கள். அதற்காக ஒகூமே உயர்ந்தது, நம் பலகை தாழ்ந்தது என்றில்லை. ஒகூமே சீக்கிரம் உளுத்துப்போகும் மரம். மேலே பூசும் எபாக்சியில் (இரண்டு திரவம் கலந்து இறுகும் பிசின்) ஓட்டை விழுந்தால் தாங்காது.

மொத்தச் செலவு? படகு கட்டுகிறவர்களிடையே புழங்கும் கணக்கு: பலகை, பிசின், துணி, பெயின்ட் எல்லாம் சேர்ந்த வெற்றுடல் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான். பாய், பாய்மரம், கயிறு, கொக்கி, கப்பி, நங்கூரம், டிரெய்லர், உயிர்காப்பு அங்கி, சின்ன மோட்டார் என்று மீதி போய்விடும். பொருள்பட்டியலை உள்ளூர் விலையில் போட்டு மூன்றால் பெருக்குங்கள். அந்தத் தொகையைப் பார்த்தும் தூக்கம் வந்தால் ஆரம்பிக்கலாம்.

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். 'ஜி.எஸ்.டி. வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்' என்பவரிடம் வாங்கிய பலகை ஆறு மாதத்தில் பிரிந்தால் கேட்க வழியில்லை. பில்லில் 'பிளைவுட் 10' என்று எழுதாமல் ஐ.எஸ். 710, பிராண்டு, தடிமன் எல்லாம் வர வேண்டும். தகராறு என்றால் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு: வீட்டில் படகு கட்டுவது மெதுவான வேலை. முதல் மாதம் வாங்கிய பலகையை மூன்றாம் வருடம் ஒட்டினால் அதற்குள் கெடு ஓடிவிடும். அந்தந்தக் கட்டத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் பைபர் படகு போடும் பட்டறைக்காரர், "எபாக்சி எல்லாம் வீண் செலவு, நாங்கள் போடும் ரெசினே போதும், கால்வாசி விலை" என்கிறார். அவர் முப்பது வருடமாகப் படகு போடுகிறவர். யாரை நம்புவது?
*வாசகர், நாகப்பட்டினம்*

பதில்: அவர் வேலையில் அவர் சொல்வது சரி. அவர் போடுவது பாலியெஸ்டர் ரெசின். அச்சில் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு முழுக்க பைபராலேயே உடம்பு எடுக்கும்போது அது போதும். நம் கடற்கரை முழுக்க அந்தப் படகுகள்தானே ஓடுகின்றன. நீங்கள் கட்டுவது பிளைவுட் படகு. பாலியெஸ்டர் மரத்தை இறுகப் பிடிப்பதில்லை. ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்டுப் பட்டு, சில வருடத்தில் தோல் உரிகிற மாதிரி பலகையை விட்டு எழும்பும், அடியில் தண்ணீர் தங்கும். பலகைத் துண்டுகளைக் கம்பியால் தைத்து மூலையைப் பிசினால் நிரப்பும் முறையில் படகைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்தப் பிசின்தான். அந்தக் காலத்துச் சென்னை மசுலாப் படகுகளைக் கயிற்றால் தைத்தார்கள், தையல் கடைசிவரை இருந்தது. இங்கே கம்பியைப் பிறகு உருவிவிடுவோம். பிசினில் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

அவரிடம் வாங்கக்கூடாத இன்னொன்று மேட். நறுக்கிய இழையால் ஆன அந்த மேட்டை ஒட்டிவைத்திருக்கும் பொடி பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் கரையாது, விறைப்பாக நின்று காற்றுக் குமிழியோடு உட்காரும். எபாக்சிக்கு நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் துணி பெரும்பாலான சிறுபடகு வரைபடங்களில் வரும்.

எபாக்சி வாங்கும்போது விலைக்கு முன்னால் கலவை விகிதத்தைக் கேளுங்கள். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் ஒரு வகைக்கு 100 கிராம் ரெசினுக்கு 10 கிராம் ஹார்டனர் (ரெசினை இறுகவைக்கும் திரவம்). சின்ன மூலை ஒட்ட 50 கிராம் ரெசின் எடுத்தால் ஹார்டனர் 5 கிராம். தராசு ஒரு கிராம் பிசகினால் ஹார்டனரில் 20 சதவீதம் பிசகிவிட்டது. 2:1 விகிதத்தில் வருபவை விலை கூட. ஆனால் வீட்டில் தனியாக வேலை செய்கிறவருக்கு அதுதான் நிம்மதி. ஹார்டனரில் மெதுவாக இறுகும் வகையைக் கேட்டு வாங்குங்கள். சித்திரை வெயிலில் ஒரு மக் நிறையக் கலக்கி வைத்துவிட்டு பிரஷ்ஷைத் தேடப் போனால், திரும்பும்போது மக்கில் புகை வரும், பிளாஸ்டிக் இளகும். கொஞ்சமாகக் கலக்கி, அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிக்கொள்ள வேண்டும். ஈரக்காற்று நாளில் இறுகிய பூச்சின்மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வந்தால் உப்புத்தாளைத் தூக்காதீர்கள். தண்ணீரும் ஸ்காட்ச்-பிரைட்டும் போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் தேயுங்கள். கையுறை கட்டாயம். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு டப்பாவைத் திறந்தாலே அரிக்கும். பாதிப் படகோடு வேலையை விட்டவர்கள் உண்டு.

ரெசின் டப்பாவில் சர்க்கரை மாதிரி படிந்திருந்தால் கெட்டுப்போனதில்லை. வெந்நீரில் டப்பாவை வைத்தால் கரைந்து தெளிந்துவிடும். அதைக் காட்டிக் கடைக்காரரிடம் விலையை மட்டும் குறைத்துக் கேட்கலாம், தப்பில்லை.

எந்தப் பிராண்டானாலும் முதல் டப்பாவில் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் பிளைவுட்டிலேயே இரண்டு துண்டு ஒட்டி, ஒரு வாரம் விட்டு, சுத்தியால் தட்டி உடையுங்கள். மரம் கிழிந்து பிசின்மேல் ஒட்டியிருந்தால் சரி. பிசின் பளபளவென்று தனியே வந்தால் பலகையை இன்னும் தேய்க்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

கேள்வி: தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்த ஓடாவி (படகு கட்டும் தச்சர்) இருக்கிறார். பிளைவுட் எதற்கு, அவரிடம் கொடுத்து நல்ல மரத்தில் பலகை வைத்தே கட்டிக்கொள்ளலாமே?
*வாசகர், திருநெல்வேலி*

பதில்: எப்போதும் தண்ணீரில் கிடக்கப்போகிற படகு என்றால் தாராளமாக. ஏரா (அடிக்கட்டை) வைத்து, வங்கு (விலாச்சட்டம்) நிறுத்தி, பலகை அறைந்து, இடுக்கில் பஞ்சு அடித்துக் கட்டும் படகு தண்ணீரில் ஊறினால்தான் பலகை உப்பி இடுக்கு அடைபடும். நீங்கள் அதை டிரெய்லரில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் மூன்று மாதம் வெயிலில் வைத்தால் இடுக்கு திறந்துகொள்ளும். அடுத்தமுறை இறக்கிய அன்று வாளியும் கையுமாக நிற்பீர்கள். வீட்டில் வைத்து எப்போதாவது இறக்கும் படகுக்குப் பிளைவுட், எபாக்சிதான். ஓடாவியை விட்டுவிடாதீர்கள், சுக்கானும் பாய்மரமும் செய்ய அவரைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார். கூலியை வேலைக் கணக்கில் பேசுங்கள், நாள் கணக்கில் வேண்டாம்.

கேள்வி: மோட்டார் தள்ளுபடியில் வருகிறது, பாயும் ஒருவர் விற்கிறார். படகு பாதிதான் முடிந்திருக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா? பழைய படகே வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் திட்டு வேறு.
*வாசகர், கொச்சி*

பதில்: மோட்டார் வேண்டாம். வாரன்டி பில் தேதியிலிருந்து ஓடும். நீங்கள் படகை இறக்கும் நாளில் அது முடிந்திருக்கலாம், ஓடாத இன்ஜினில் எந்தக் குறை இருக்கிறது என்றும் தெரியாது. தவிர, மோட்டார் பொருத்தினால் பதிவு, அனுமதி விஷயங்கள் மாறும். படகை நிறுத்தப்போகும் துறையில் முதலில் கேட்டுவிட்டு எந்தச் சக்தி என்று முடிவு செய்யுங்கள்.

பழைய பாய் வேறு கதை. அளவு உங்கள் வரைபடத்துக்கு ஒத்துவந்து, துணியை விரலால் கசக்கும்போது மொரமொரவென்று இருந்தால் வாங்குங்கள். பழந்துணி மாதிரி துவண்டால், தையல் நூலை நகத்தால் இழுத்ததும் அறுந்தால் விட்டுவிடுங்கள். வெயிலில் முதலில் சாவது நூல்தான்.

பழைய படகு மலிவா என்றால், பெரும்பாலும் மலிவுதான். வீட்டில் சொல்வது சரி. கட்டும் ஆசைக்குத்தான் இந்தப் பணம், படகுக்கு இல்லை. இதை மறைத்துப் பேசினால் திட்டு இன்னும் கூடும்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் திருகு காந்தத்தில் ஒட்டாவிட்டால் நல்லது என்கிறார்களே?
*வாசகர், ராமநாதபுரம்*

பதில்: காந்தம் 304, 316 என்ற ஸ்டெயின்லெஸ் தரங்களைப் பிரித்துக் காட்டாது. மலிவான 202ம் பெரும்பாலும் ஒட்டாமல் தப்பிவிடும், உப்புக்காற்றில் சில மாதத்தில் பழுப்புக் கறை விடும். கடலுக்கு 316. அதில் அரிப்பைத் தடுக்கும் மாலிப்டினம் என்ற உலோகம் இருக்கிறது. சொட்டு விட்டு அதைக் கண்டுபிடிக்கும் சோதனைத் திரவம் ஸ்டீல் வியாபாரிகளிடம் இருக்கும், ஒரு திருகை நீட்டிச் சொட்டுவிடச் சொல்லுங்கள். பித்தளைத் திருகு நீர்மட்டத்துக்குக் கீழே வேண்டாம். அதிலுள்ள துத்தநாகம் உப்புநீரில் அரித்துப்போய், தலை மட்டும் மினுமினுப்பாக நிற்கும், தண்டு பொடியாக வரும்.