பெற்றவனே ஓடினால்?

கேள்வி: மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படித்தேன். இயற்கையோடு விளையாடும் விஞ்ஞானியின் பேராசை எங்கே கொண்டுபோய் விடும் என்று 1818-லேயே எச்சரித்துவிட்டாரே! இன்றைய விஞ்ஞானிகள் காதில் ஏறுமா?

பதில்: நீங்கள் சொல்வது நாவலின் பின் அட்டைக்குச் சரி. உள்ளே வேறு கதை இருக்கிறது.

ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் நகரில் படிக்கப் போன விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன், செத்த உடல்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவம் செய்து அதற்கு உயிர் கொடுக்க, மேல்மாடி அறையில் யாருக்கும் தெரியாமல் கிட்டத்தட்ட இரண்டு வருடம் பாடுபடுகிறான். பக்கத்திலேயே இருக்கும் பேராசிரியர் வால்ட்மேனிடம்கூட மூச்சு விடவில்லை. ஒரு நவம்பர் இரவில் அந்த உடல் மஞ்சள் கண்ணைத் திறக்கிறது. பார்க்கச் சகிக்காமல் இவன் ஓடிவிடுகிறான். மறுநாள் திரும்பி வந்தால் அறை காலி. எங்கே போயிற்று, யாரை என்ன செய்யும் என்று பதறினானா? சந்தோஷத்தில் கை தட்டுகிறான்! பிள்ளைக்குப் பெயர்கூட வைக்காத அப்பன். (அதனால்தான் அப்பன் பெயரையே பிள்ளைக்கு வைத்து நாம் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.)

இதை எழுதத் தொடங்கியபோது மேரிக்கு 18 வயது. முந்தைய வருடம்தான் பிறந்த குழந்தையைப் பறிகொடுத்திருந்தார். பெற்றதைக் கைவிடுவது பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஜஸ்டின். விக்டரின் தம்பி வில்லியம் கொலையாகிறான். வீட்டு வேலைக்காரப் பெண்ணான அவள்மேல் பழி விழுகிறது. கொன்றது தான் உண்டாக்கிய அந்த உருவம்தான் என்று விக்டருக்குத் தெரியும். சொன்னால் பைத்தியம் என்பார்களே என்று வாயை மூடிக்கொள்கிறான். அவளைத் தூக்கில் போடுகிறார்கள். எல்லை மீறிய அறிவியல் இதில் எங்கே வந்தது? ஆளுக்கு வாய் திறக்கத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

பேராசைதான் குற்றம் என்றால், இதே நாவலில் வரும் கப்பல் தலைவன் வால்டனை என்ன செய்வீர்கள்? வடதுருவத்தைத் தேடிப் போகும் அவனுக்கும் அதே வெறி. ஆனால் நடந்ததையெல்லாம் அக்காவுக்கு எழுதுகிறான். பனியில் கப்பல் சிக்கி, 'திரும்பிவிடலாம்' என்று மாலுமிகள் கேட்டதும், மனம் கசந்தாலும் சம்மதிக்கிறான். அந்த மாலுமிகளைத் 'திரும்பாதீர்கள்' என்று உசுப்பேற்றியது யார் தெரியுமா? அதே கப்பலில் சாகக் கிடந்த விக்டர்தான்!

'பேராசை வேண்டாம்' என்று அவன் கடைசியில் சொல்வது உண்மை. சொன்ன வாய் மூடுவதற்குள், 'ஆனால் நான் தோற்ற இடத்தில் இன்னொருவன் ஜெயிக்கலாமே' என்கிறான். முதல் வரியோடு புத்தகத்தை மூடிவிட்டு எனக்குக் கடிதம் போட்டிருக்கிறீர்கள்.